நேலர், மார்ட்டே, காஸ்டியோ: மரைனர்ஸ் குளிர்காலத்துக்கு என் திட்டம், ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்

கேள்வி:

2025 அமெரிக்கன் லீக் பேஸ்பால் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் முடிந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது, இன்னும் அந்த ஏழாவது இன்னிங்ஸ் என் கண்ணை விட்டுப் போகவில்லை. டொரான்டோவில் 3-1 முன்னிலை. இன்னும் எட்டு அவுட் எடுத்திருந்தால் சியாட்டில் மரைனர்ஸ் முதல் தடவையாக வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன்ஷிப் தொடரில் ஆடியிருக்கும். இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் நம் முக்கியப் பந்துவீச்சாளர் முன்யோஸ் புல்பென்னில் (மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடம்) இருக்கிறார், ஆனால் பசார்டோவைக் கொண்டுவந்தார்கள், டொரான்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். முப்பது அணிகளில் வேர்ல்ட் சீரிஸ் ஆடாத ஒரே அணி இன்னும் நாம்தான்.

சரி, இனி அடுத்த வருடம். இந்த வாரம் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) சந்தை திறக்கிறது. நம்மிடமிருந்து போகக்கூடியவர்கள் ஜாஷ் நேலர், ஹோர்ஹே பொலாங்கோ, யூஹேனியோ சுவாரெஸ். முதல் பேஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ் மூன்றும் ஒரே நேரத்தில் காலி. 90 ஆட்டம் ஜெயித்து, 2001-க்குப் பிறகு முதல் தடவையாக டிவிஷனில் (லீக்கின் ஒரு பிரிவில்) முதலிடம் பிடித்த அணிக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை.

என் திட்டம் இதுதான். முதல் வேலை நேலர். சியாட்டிலுக்கு வந்து ஆடிய 54 ஆட்டத்தில் .299 சராசரியில் அடித்தார், 19 தடவை ஸ்டீல் செய்து (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடி) ஒரு தடவைகூட மாட்டவில்லை. லீக்கிலேயே மெதுவாக ஓடுகிறவர்களில் ஒருவர் இதைச் செய்தார் என்றால் பிட்சரை (பந்துவீச்சாளரை) அந்த அளவுக்குப் படித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஐந்து வருடம், வருடத்துக்கு 18 மில்லியன் டாலர் வரை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) லூயிஸ் காஸ்டியோவை விற்க வேண்டும். டிசம்பரில் 33 வயது, 2027 வரை வருடத்துக்கு சுமார் 24 மில்லியன். அவர் இல்லாவிட்டாலும் கில்பர்ட், கிர்பி, வூ, மில்லர் இருக்கிறார்கள். காஸ்டியோ, கூடவே கேட்சர் ஹாரி ஃபோர்ட், இன்னொரு இளம் வீரர் என்று அரிசோனாவுக்குக் கொடுத்து கெட்டெல் மார்ட்டேவைக் கொண்டுவந்தால் இரண்டாவது பேஸ் பிரச்சினை தீர்ந்தது, நம் முக்கிய பேட்டர்கள் ஹூலியோ ரோட்ரிகஸுக்கும் கேல் ராலிக்கும் பக்கத்தில் ஒரு பெரிய பேட்டும் வந்துவிடும். பொலாங்கோ, சுவாரெஸ் இருவருக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். மூன்றாவது பேஸில் வசந்தம் வரை பென் வில்லியம்சன், அப்புறம் கீழ்மட்ட மைனர் லீக்கில் ஆடும் இளம் வீரர் கோல்ட் எமர்சன்.

எங்கே தப்பு? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில் 1:

நேலர் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசன் நடுவில் ட்ரேடில் வந்தவருக்கு குவாலிஃபையிங் ஆஃபர் (பழைய அணி தரும் ஒரு வருட ஒப்பந்த அழைப்பு) கொடுக்க முடியாது. இந்த வருடம் அந்தத் தொகை 22.025 மில்லியன். அதைக் கொடுத்து அவர் மறுத்திருந்தால், வேறு அணிக்குப் போனாலும் நமக்கு ஒரு டிராஃப்ட் தேர்வாவது (புது இளம் வீரரை எடுக்கும் வாய்ப்பு) கிடைத்திருக்கும். நேலருக்கும் சுவாரெஸுக்கும் அந்த வழி இல்லை. போனால் போனதுதான், கை வெறுங்கை. இன்னொரு பக்கம், அவரை எடுக்க நினைக்கிற மற்ற அணிகளும் எதையும் இழக்க வேண்டாம் என்பதால் போட்டி கூடும். அதனால் ஜனவரி வரை இழுத்து விலை குறையும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டிய வேலை இது.

காஸ்டியோ விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. உங்கள் திட்டத்தில் நாலு ஸ்டார்ட்டர் பெயரை எழுதிவிட்டு நாலு பேரும் வருடம் முழுக்க ஆடுவார்கள் என்று எடுத்துக்கொண்டீர்கள். 2025 எப்படிப் போனது என்று திரும்பிப் பாருங்கள். கிர்பி தோள் வலியோடுதான் சீசனையே தொடங்கினார். கில்பர்ட் ஏப்ரலில் முழங்கை அருகே தசைப் பிடிப்பு என்று உட்கார்ந்தவர் ஜூனில்தான் வந்தார். மில்லருக்கு முழங்கை. வூ வருடம் முழுக்கப் பிரமாதமாக வீசிவிட்டு செப்டம்பரில் மார்புத் தசையில் அடிபட்டு, டெட்ராய்ட்டுக்கு எதிரான முதல் சுற்றில் ஒரு பந்துகூட வீசவில்லை. ஐந்து பேரில் காயப் பட்டியல் பக்கம் போகாமல் ஐந்து நாளுக்கு ஒரு தடவை வந்து நின்றவர் காஸ்டியோ மட்டும்தான். அவரை விற்றால் ஒருவருக்கு வலி வந்த அன்றே எமர்சன் ஹான்காக் நம் நாலாவது ஸ்டார்ட்டர் ஆகிவிடுவார். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், அரிசோனா ஏன் காஸ்டியோவை வாங்க வேண்டும்? செலவைக் குறைக்கத்தான் ஒரு அணி மார்ட்டேவை விற்கும். 24 மில்லியன் சம்பளக்காரர் அவர்களுக்கு எதற்கு? அவர்கள் கேட்கப் போவது சம்பளம் குறைவான, பல வருடம் கையில் வைத்திருக்கக்கூடிய பிட்சர். அதாவது வூ அல்லது மில்லர். அப்போது என்ன சொல்வீர்கள்?

பதில் 2:

மேலே சொன்னவர் ஜாக்கிரதையாகப் பேசுகிறார், அவர் பார்வையில் நியாயம் உண்டு. நான் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன்.

இந்த அணிக்கு எத்தனை வருடம் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். கில்பர்ட் 2027 முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். அரோசரேனா, கிராஃபர்ட் இருவருக்கும் 2026-தான் கடைசி. கேல் ராலி ஒரு சீசனில் 60 ஹோம் ரன் அடித்தார், கேட்சர் ஒருவர் இதற்கு முன் அந்தப் பக்கமே போனதில்லை, அதை ஒவ்வொரு வருடமும் எதிர்பார்க்க முடியாது. இவ்வளவும் ஒன்றாகக் கூடி வந்த வருடத்திலேயே நாம் ஒரு ஆட்டம் குறைவாக நின்றோம். அதனால் குறையை நிரப்ப இளம் வீரர்களைக் கொடுக்க வேண்டுமென்றால் கொடுக்க வேண்டும், அதுவும் இந்தக் குளிர்காலத்திலேயே. மைனர் லீக்கில் நம்மிடம் இருப்பது சாதாரணக் கூட்டம் இல்லை. எமர்சன், 2025 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்த கேட் ஆண்டர்சன், லாசரோ மோன்டெஸ், ரையன் ஸ்லோன், இரண்டு கையாலும் வீசும் யுராங்கெலோ சைன்ட்ஜே. இவர்கள் எல்லோரும் சியாட்டிலில் ஆடப் போவதில்லை, எந்த அணியிலும் அப்படி நடந்ததில்லை. ஆண்டர்சனையும் எமர்சனையும் தவிர யாரைக் கேட்டாலும் நான் உட்கார்ந்து பேசுவேன்.

மார்ட்டே பற்றி நெஞ்சில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் நம் வீரர். 2016 நவம்பரில் நம் அணி நிர்வாகத்தை நடத்தும் ஜெர்ரி டிபோட்டோதான் அவரையும் டைஹ்வான் வாக்கரையும் அரிசோனாவுக்குக் கொடுத்து ஜீன் செகூராவையும் மிட்ச் ஹானிகரையும் வாங்கினார். ஹானிகர் நமக்கு நல்ல வருடங்கள் கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் அன்று 23 வயதில் போன பையன் அங்கே அணியின் முகமே ஆகிவிட்டார். 2025 ஏப்ரலில் ஆறு வருடத்துக்கு 116.5 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தரத்துக்கு அது குறைந்த விலை. அடுத்த சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில் அவருக்கு லீக்கில் பத்து வருடம் நிறைந்துவிடும், அதில் ஐந்துக்கு மேல் ஒரே அணியில், ஆக அதற்குப் பிறகு எந்த ட்ரேடையும் மறுக்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். அரிசோனா விற்க நினைத்தால் இந்தக் குளிர்காலம்தான். அந்த அவசரம் அவர்களுடையது, அதை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் வூவைக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் முதல் பதிலோடு நிற்கிறேன்.

பதில் 3:

இந்த அணியைப் பல வருடமாகப் பின்தொடர்கிறேன், அதனால் பழைய காயம் ஒன்றை எடுக்கிறேன். 2007-ல் 88 ஆட்டம் ஜெயித்தோம், இன்னும் ஒரு நல்ல ஸ்டார்ட்டர் இருந்தால் போதும் என்று எல்லோரும் நம்பினோம், நானும்தான். 2008 பிப்ரவரியில் எரிக் பெடார்டை வாங்க பால்டிமோருக்கு ஐந்து பேரைக் கொடுத்தார்கள், அதில் ஆடம் ஜோன்ஸ், கிறிஸ் டில்மன், ஜார்ஜ் ஷெரில் மூவரும் பின்னால் அங்கே ஆல்-ஸ்டார் ஆனார்கள். பெடார்ட் அந்த வருடம் 15 ஆட்டம்தான் தொடங்கினார். நாம் 101 ஆட்டம் தோற்றோம். 'ஒரே ஒரு ஆள்தான் குறை' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குளிர்காலம்தான் ஞாபகம் வருகிறது.

இளம் வீரர்களைக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நமக்குத் தேவைப்படாத ஆளைக் கொடுங்கள் என்கிறேன். அப்படிப்பட்டவர் ஹாரி ஃபோர்ட். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நல்ல கேட்சர், பேட்டில் பொறுமை உண்டு, செப்டம்பரில் மேலே வந்தும் விட்டார். ஆனால் ராலிக்கு 2030 வரை ஒப்பந்தம் இருக்கிறது, அவர் ஓய்வே எடுக்க மாட்டேன் என்கிறவர். ஃபோர்டுக்கு இங்கே வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் கிடைக்கும், 22 வயதுப் பையனுக்கு அது அநியாயம். வெளியிலோ இளம் கேட்சருக்குத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. போன குளிர்காலத்தில் பாஸ்டன் காரெட் க்ரோஷேவை வாங்கியபோது கொடுத்த நாலு பேரில் முக்கியமானவர்களில் ஒருவர் கைல் டீல், கேட்சர். 2022 டிசம்பரில் டொரான்டோவும் இதையே செய்தது. அலெஹான்ட்ரோ கிர்க் இருந்ததால் கேப்ரியல் மொரேனோவை அரிசோனாவுக்குக் கொடுத்து டால்டன் வார்ஷோவைப் பிடித்தார்கள். அந்த வார்ஷோ சென்டர் ஃபீல்டில் நின்று நம்மை எதிர்த்து ஆடியதை எல்லோரும் பார்த்தோம்.

ஃபோர்டைக் கொடுத்து நான் வாங்குவது பேட்டர் இல்லை. இடக்கை ரிலீவர் (ஆட்ட நடுவில் மாற்றாக வந்து வீசும் பிட்சர்). நம்மிடம் நம்பி அனுப்பக்கூடிய இடக்கை ஆள் கேப் ஸ்பையர் ஒருவர்தான், ஜூலையில் பிட்ஸ்பர்க்கிலிருந்து வாங்கிய கேலப் ஃபெர்குசனும் இப்போது ஃப்ரீ ஏஜென்ட். அக்டோபரில் முன்யோஸ், பிராஷ், ஸ்பையர், பசார்டோ நாலு பேரையே மாற்றி மாற்றி அனுப்பி எல்லோரும் தளர்ந்து போனார்கள். டெட்ராய்ட்டோடு பதினைந்து இன்னிங்ஸ் ஆடிய அந்த ஐந்தாவது ஆட்டத்துக்கு இரண்டே நாளில் டொரான்டோவில் போய் இறங்கினோம். அந்த ஏழாவது இன்னிங்ஸில் யாரைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் டான் வில்சனோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், நானும் போட்டேன். ஆனால் புல்பென்னில் நம்பிக்கையான ஆள் இன்னும் இருவர் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே அவ்வளவு கடினமாக இருந்திருக்காது. ஃபோர்டைக் கொடுத்தால் மூன்று நாலு வருடம் கையில் இருக்கும்படி ஒரு நல்ல இடக்கை ஆளை வாங்கலாம், கம்மியான சம்பளத்தில்.

பதில் 4:

ஜப்பானிலிருந்து வருகிறவர்களை யாரும் பேசவில்லையே? காஸுமா ஒகாமோட்டோவையும் முனெடகா முராகாமியையும் போஸ்ட் செய்யப் போவதாக (அமெரிக்க அணிகளோடு பேச விடப் போவதாக) அவர்களுடைய அணிகளே சொல்லிவிட்டன. இருவருமே மூன்றாவது பேஸ், முதல் பேஸ் இரண்டிலும் ஆடியவர்கள். முராகாமி 2022-ல் 56 ஹோம் ரன் அடித்தவர், ஆனால் பந்தைத் தொடாமல் விடுவது அதிகம். நம் மைதானத்தில் அந்த மாதிரி பேட்டர் படும் பாட்டை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். ஒகாமோட்டோ எனக்குப் பிடித்திருக்கிறார், ஸ்ட்ரைக்அவுட் குறைவு.

ஒப்பந்தத் தொகை தவிர அவருடைய ஜப்பான் அணிக்கும் தனியாகக் கட்டணம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. முதல் 25 மில்லியனுக்கு 20 சதவீதம், அடுத்த 25-க்கு 17.5, அதற்கு மேல் 15. 50 மில்லியன் ஒப்பந்தம் என்றால் மேலே 9.375 மில்லியன் கட்ட வேண்டும். டிராஃப்ட் தேர்வு எதுவும் போகாது என்பதால் அந்தப் பணம் வீண் இல்லை. கைல் டக்கர், ஷ்வார்பர், பிஷெட் மாதிரி குவாலிஃபையிங் ஆஃபர் கிடைக்கக்கூடியவர்களை எடுத்தால் நம் டிராஃப்ட் தேர்வு ஒன்று போய்விடும்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி, நிறைய யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

காஸ்டியோ விஷயத்தில் நான் மாறிவிட்டேன். 24 மில்லியன் என்ற எண்ணை மட்டும் பார்த்தேன், அவர் இல்லாமல் மே மாதம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கவில்லை. ஐந்து ஸ்டார்ட்டரும் இருக்கட்டும். ஃபோர்டைக் கொடுத்து இடக்கை ரிலீவர் என்பது நான் யோசிக்காத கோணம், அது சரிதான்.

மார்ட்டே பற்றி இன்னும் மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. பெடார்ட் கதையைப் படித்த பிறகு கை நடுங்குகிறது. ஆனால் பெடார்ட் பிட்சர், மார்ட்டே தினமும் ஆடுகிற பேட்டர், அது வேறு கணக்கு. வூ, மில்லர் இல்லாமல், ஸ்லோனையும் மோன்டெஸையும் வைத்து முடியும் என்றால் நான் செய்வேன். முடியாது என்றால் செயின்ட் லூயிஸில் பிரெண்டன் டோனவன் இருக்கிறார். 2027 வரை கையில் வைத்திருக்கலாம், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், இடது ஃபீல்ட் எங்கே நிறுத்தினாலும் நிற்பார், பந்தைத் தொடாமல் விடுவது அபூர்வம். அந்த அணி இப்போது மொத்தமாகப் புதிதாகக் கட்டும் நிலையில் இருக்கிறது, சைன்ட்ஜே மாதிரி ஒருவரைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். கோல் யங்கும் எமர்சனும் தயாராகும்போது டோனவனை நகர்த்திக்கொள்ளலாம், மார்ட்டேவை அப்படி நகர்த்த முடியாது.

ஒரு கேள்வி மிச்சம். பொலாங்கோவை அனுப்பலாம் என்று எழுதினேனே, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரிதானா?

பதில் 1:

அதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், எனக்கே மனசு வரவில்லை. 26 ஹோம் ரன் அடித்தார். டெட்ராய்ட்டின் நட்சத்திர பிட்சர் ஸ்கூபலை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தவர் அவர், அந்தப் பதினைந்தாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்ததும் அவர்தான். முழங்கால் அறுவை செய்துகொண்டு, குறைந்த சம்பளத்துக்குத் திரும்பி வந்து இதைச் செய்தார். இரண்டு வருடம், வருடத்துக்கு 12, 13 என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அதற்கு மேல் யாராவது கொடுத்தால் விட்டுவிட வேண்டியதுதான், 32 வயதில் அந்த முழங்காலோடு தினமும் இரண்டாவது பேஸில் நிறுத்த முடியாது, அதனால் டிஎச் (ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிப்பவர்) சம்பளமாகத்தான் பார்க்க வேண்டும்.

பணம் பற்றி ஒரு விஷயம். டிபோட்டோ 2015-ல் வந்ததிலிருந்து வெளியிலிருந்து வந்த ஃப்ரீ ஏஜென்ட் பேட்டருக்குக் கொடுத்த பல வருட ஒப்பந்தம் மிட்ச் கார்வருடைய இரண்டு வருடம் 24 மில்லியன்தான், அதுவும் சரியாகப் போகவில்லை. பேட்டர்கள் இந்த மைதானத்துக்கு வரப் பயப்படுகிறார்கள், குளிர்ந்த காற்றில் பந்து பறக்காது. நேலர் அப்படி இல்லை, இங்கே ஆட ஆசைப்பட்டு ஆடினார். இங்கே இருக்க விரும்புகிற பேட்டர் ஒருவர் கையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்கு இரண்டு மில்லியனுக்காகப் பேரம் பேசி விடக் கூடாது. 18 இல்லை, 19 கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

பதில் 2:

2026 டிசம்பர் 1-ஆம் தேதி வீரர்கள் சங்கத்தோடு இருக்கிற ஒப்பந்தம் முடிகிறது, அதையும் எல்லா அணிகளும் மனதில் வைத்திருக்கும். அடுத்த குளிர்காலம் அணி உரிமையாளர்கள் வேலையை நிறுத்திப் பூட்டிவிட வாய்ப்பு இருக்கிறது, ஆக 2027 எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2026 மட்டும்தான் நிச்சயம். அதனால்தான் நான் அவசரப்படுகிறேன்.

டோனவன் என்றால் எனக்கும் சம்மதம். டிசம்பர் 7-ல் ஆர்லாண்டோவில் எல்லா அணி நிர்வாகிகளும் கூடுகிறார்கள். அதற்குள் நேலர் கையெழுத்துப் போட்டிருந்தால் மற்றதைப் பேச அங்கே நிதானமாகப் போகலாம். போடாமல் போனால், நமக்கு முதல் பேஸ்மேன் இல்லை என்று தெரிந்துகொண்டு ஒவ்வொரு அணியும் விலையை ஏற்றிக்கொண்டுதான் நம்மிடம் பேசும்.